மலையடுப்பில் பழ–பருப்புக் குக்கீஸ்

சென்னைச் சமையலறையில் அளந்து எழுதிய குறிப்பை வைத்து ஊட்டியில் குக்கீஸ் சுட்டால், தனித்தனியாக வைத்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அப்பளமாக வரும். சுட்டவரின் கைப்பழக்கத்தில் குறை தேட வேண்டாம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆப்பசோடாவிலிருந்து கிளம்பும் வாயுவை அமுக்கிப் பிடிக்கும் கனம் மேலே குறைவு. அதனால் வாயு தேவைக்கு மேல் விரிந்து, மாவு இறுகுவதற்குள் பொத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. தண்ணீரும் 100 டிகிரிவரை காத்திருப்பதில்லை. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94 டிகிரி அளவில். இங்கே முட்டை வேகக் கூடுதல் நேரம் பிடிப்பதும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு மசியாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான். மாவிலுள்ள ஈரம் சீக்கிரமே ஆவியாகிவிட, மிஞ்சுவது கெட்டியான சர்க்கரைப் பாகும் உருகிய வெண்ணெயும். இரண்டும் தட்டில் ஓடக்கூடியவை.

இது உயரம் தரும் தொல்லை. குக்கீஸில் புரதத்தைக் கூட்டப் போனாலோ நேர்மாறான தொல்லை வருகிறது. பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், அரைத்த நிலக்கடலை எல்லாமே தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சமவெளியில் புரதக் குக்கீஸ் சுடுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் புகார் ஒன்றுதான்: காய்ந்துபோகிறது, பல்லுக்கு வணங்கவில்லை, வைத்த உருண்டை வைத்தபடியே வேகிறது.

மலையில் மாவு ஓடப் பார்க்கிறது. புரதம் அதை இழுத்துப் பிடிக்கிறது. ஒன்றுக்கொன்று காவல். அதனால் நீலகிரியில், வெறும் மைதாவும் வெண்ணெயும் போட்ட பிஸ்கட்டைவிடப் புரதம் கூடிய குக்கீஸ் சுடுவதுதான் எளிது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஈரம், சோடா, சூடு மூன்றையும் இந்த உயரத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதும். இங்கே தரும் அளவுகள் குன்னூர் முதல் ஊட்டி வரையிலான உயரத்துக்கானவை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் சோடாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். வேறு பெரிய மாற்றம் வேண்டியதில்லை.

வர்க்கி இருக்கும் ஊரில்

நீலகிரியில் பேக்கரி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது வர்க்கி. 2023-இல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மைதா, சர்க்கரை, கொழுப்பு, வாழைப்பழமும் ரவையும் சேர்த்துப் புளிக்கவைத்த ‘மாவா’ எனும் ஊக்கி, பிறகு விறகடுப்பு. இவ்வளவும் கூடினால்தான் அந்த அடுக்கடுக்கான மொறுமொறுப்பு வரும். வீட்டில் அதை முயல வேண்டாம். ஊட்டி கமர்ஷியல் சாலையிலோ குன்னூர் பெட்ஃபோர்டிலோ வாங்கிச் சாப்பிடுவதே மரியாதை.

ஆனால் மைதாவில் இருக்கும் சொற்பப் புரதத்தோடு கொழுப்பும் சர்க்கரையும் சேரும்போது, வர்க்கியில் கையளவுக்குக் கிடைக்கும் புரதம் இன்னும் குறைகிறது. காலையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுக்கும், பேருந்தில் இரண்டு மணி நேரம் வளைந்து வளைந்து கல்லூரிக்குப் போகிற பையனுக்கும் டீயோடு வர்க்கி என்பது நாக்குக்குத் தெம்பு. பத்தரை மணிக்கு மறுபடி பசிக்கும். அந்தப் பத்தரை மணியை மனதில் வைத்துத்தான் இந்தக் குக்கீஸ்.

புரதம் எங்கிருந்து வருகிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். எடைக்கணக்கில் சொன்னால் கிலோவுக்கு 0.83 கிராம்.

இதற்காக டப்பாவில் வரும் புரதப் பவுடரைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஊட்டி மார்க்கெட்டின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருள்களிலேயே சரக்கு இருக்கிறது. 100 கிராம் நிலக்கடலையில் 24 கிராம் அளவுக்குப் புரதம். பாதாமில் சுமார் 20. பாதாமுக்கு இருக்கிற மவுசைப் பார்த்தால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கிராமுக்குக் கிராம் நிலக்கடலைதான் முன்னே நிற்கிறது. விலையிலோ பேச்சே இல்லை. பொட்டுக்கடலையில் 20 கிராமுக்கு மேல். பூசணி விதையில் 25 முதல் 30. முந்திரியில் 18 அளவில், அக்ரூட்டில் 15. கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35. ஒரு முட்டைக்கு 6 கிராம்.

கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை வருவதற்கு முன்பு படுகர் ஹட்டிகளைச் (ஊர்களைச்) சுற்றிக் கேழ்வரகும் சாமையும் விளைந்த மலை இது. அந்த நினைவில், சிறுதானியக் குக்கீஸ் எல்லாவற்றுக்கும் ‘புரதம் நிறைந்தது’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம்தான், கோதுமையைவிடக் குறைவு. அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில். 340 மில்லிகிராமைத் தாண்டும். ருசிக்கும் எலும்புக்கும் கேழ்வரகு சேருங்கள். புரதக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அளவு மட்டுமல்ல, சேர்க்கையும் பார்க்க வேண்டும். கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பொட்டுக்கடலையிலும் பாலிலும் அது தாராளம். கடலை இனங்களில் குறைகிற மெத்தியோனினைக் கோதுமையும் முட்டையும் ஈடுகட்டும். இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்த கணக்கும் இதுதான். ஒன்று கவனிக்க வேண்டும்: லைசின் சூட்டுக்கு இளகிய மனசுக்காரன். சர்க்கரையோடு சேர்ந்து அதிகம் வேகும்போது குக்கீஸ் கரும்பழுப்பாக மாறுகிறதே, அந்த நிறத்துக்கு விலையாகப் போவதில் லைசினும் உண்டு. பொன்னிறத்தில் எடுத்துவிடச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

பழம்: மலையில் விளைகிறது, மலையில் காய்வதில்லை

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் பழக் கண்காட்சி நடக்கிற சமயத்தில், ரோட்டோரம் பிளம்ஸும் பீச்சும் குவிந்து கிடக்கும். மழைக்காலத்தில் ஊட்டிப் பேரிக்காய். பிறகு பெர்சிமன். இவற்றை வெட்டி அப்படியே மாவில் போடலாமா என்று கேட்காதவர் இல்லை. போடக்கூடாது. பிளம்ஸில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேலாகத் தண்ணீர். அது வேகும்போது கசிந்து, பழத்தைச் சுற்றி மாவு களியாகவே நிற்கும். இரண்டாம் நாள் பூஞ்சை. காட்டில் பொறுக்கும் தவிட்டுப்பழமும் அப்படித்தான். அதை ஜாமாகக் காய்ச்சினால்தான் அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

காயவைக்க வேண்டும். மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் மஞ்சுமூட்டம் ஏறிவிடுகிற ஊரில், வெயிலை நம்பிப் பிரயோஜனமில்லை. இரண்டு வழி உண்டு. மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் இருந்தால் பழத்தை அங்கே இறக்கிவிடுவது முதல் வழி. அடிவாரத்து மே மாத வெயிலில், மெல்லிய துணி மூடி வைத்தால், மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். மலைக்காரர்கள் பலர் வற்றலையும் வடாமையும் இப்படிக் கீழே அனுப்பித்தான் காயவைக்கிறார்கள். பழத்துக்கும் அதே பஸ்.

இரண்டாவது வழி ஓவன். கொட்டை நீக்கிப் பாதியாக வெட்டிய பிளம்ஸை, தோல் கீழிருக்கும்படி கம்பித்தட்டில் பரப்பி, 60–65 டிகிரியில், கதவிடுக்கில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி வைத்தால் ஈரம் வெளியே போகும். எட்டு மணி முதல் பத்து மணி நேரம் ஆகலாம். அமுக்கினால் தோல்போல வளைய வேண்டும். சாறு கசியக் கூடாது. ஒரு கிலோவுக்குக் கால் கிலோகூடத் தேறாது, அதைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். பேரிக்காயை மெல்லிய வில்லைகளாக்கி எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தால் கறுக்காது. மின்சாரக் கணக்குப் பார்ப்பவர்கள் உலர்திராட்சையும் பேரீச்சையும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ருசியில் பிளம்ஸின் புளிப்பு வேறு ரகம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டூட்டி ஃப்ரூட்டிக்கு இந்த அத்தியாயத்தில் இடமில்லை. அது சாயமேற்றிய பப்பாளிக்காய்.

எந்த உலர்பழமானாலும் அதை ஊறவைக்காமல் போடாதீர்கள். புரதம் கூடிய மாவு ஏற்கெனவே ஈரத்துக்கு அலைகிறது. அதில் காய்ந்த திராட்சையும் போய்ச் சேர்ந்தால், இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது குடித்துவிடும். ஊறவைக்கத் தண்ணீர் எதற்கு? ஒரு தேக்கரண்டி நீலகிரி டஸ்ட் டீயை 100 மில்லி வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வடிகட்டிய கடுந்தேநீரில் பழத்தை இருபது நிமிடம் போட்டுவையுங்கள். பழத்தின் திகட்டலைத் தேயிலையின் துவர்ப்பு வெட்டும். பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் தேநீரை வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது.

அளவு

24 குக்கீஸுக்கு:

கோதுமை மாவு 120 கிராம்
பொட்டுக்கடலை மாவு 80 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 30 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம்
நாட்டுச் சர்க்கரை 90 கிராம்
முட்டை 1
பால் அல்லது மிஞ்சிய தேநீர் 30 மில்லி
வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 70 கிராம்
பாதாம் 40 கிராம்
பூசணி விதை 30 கிராம்
ஊறவைப்பதற்கு முன் எடைபோட்ட உலர்பழம் 70 கிராம்
ஆப்பசோடா கால் தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
ஜாதிக்காய் இரண்டு மூன்று உரசல்

கடைசியில் சொன்ன ஜாதிக்காய் வெறும் அலங்காரம் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வழியில் இருக்கும் பர்லியாறு தோட்டக்கலைப் பண்ணையில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைகின்றன. சாலையோரப் பழக்கடைகளிலும் கிடைக்கும். பொட்டுக்கடலையின் மணத்தோடு ஏலக்காயைவிட ஜாதிக்காய் நன்றாக ஒத்துப்போகிறது.

சோடாவைக் கவனியுங்கள். இதே அளவு மாவுக்குச் சமவெளியில் அரைத் தேக்கரண்டி போடலாம். ஊட்டியில் கால் தேக்கரண்டிதான். குன்னூர், கோத்தகிரியில் அதைவிட ஒரு சிட்டிகை கூடுதலாக. சோடா மிகுந்தால் குக்கீஸ் பரவுவதோடு, சோப்பு வாடை அடிக்கும், நிறமும் வேகமாகக் கறுக்கும். தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பொட்டுக்கடலை மாவைக் கப்பில் அமுக்கி அளப்பவருக்கும் தூவி அளப்பவருக்கும் உள்ள வித்தியாசத்திலேயே குக்கீஸ் கல்லாகிவிடும்.

இந்தக் கூட்டில் மொத்தம் 80 கிராமுக்குக் கொஞ்சம் மேலே புரதம் சேர்கிறது. ஒரு குக்கீஸுக்கு மூன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெந்தபின் எடை குறைவதால், 100 கிராமுக்கு 12 கிராமைத் தாண்டும். சாதாரண மைதா பிஸ்கட்டில் இது 6, 7 கிராம்தான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: வெண்ணெயும் கடலையும் இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 130 கலோரி இருக்கிறது. டீயோடு இரண்டு போதும். அது ஒரு முட்டையின் புரதத்துக்குச் சற்று மேலே, முட்டையின் கலோரியைப்போல மூன்று மடங்குக்கும் அதிகம். புரதம் மட்டும்தான் நோக்கம் என்றால் முட்டையை அவித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். டீக்குத் தொட்டுக்கொள்ளவும் வேண்டும், பத்தரை மணிக்குப் பசிக்கவும் கூடாது என்பவர்களுக்குத்தான் இது.

செய்முறை

கடலைகளை முதல் வேலையாக வறுத்துவிடுங்கள். ஓவனில் 160 டிகிரியில் நிலக்கடலைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், பாதாமுக்கு அதைவிட ஒன்றிரண்டு நிமிடம் குறைவாக. பூசணி விதையை வாணலியில் படபடவென்று பொரியும்வரை. மூன்றும் நன்றாக ஆறட்டும். பிறகு நிலக்கடலையில் பாதியையும் பாதாம் முழுவதையும் சிறு உரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட்டால் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். மறந்து ஓடவிட்டால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். பொட்டுக்கடலையை மட்டும் மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். கடலை மாவு வேண்டாம். அது பச்சைப் பருப்பு. பதினைந்து நிமிட வேக்காட்டில் அதன் பச்சை வாடை போகாது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது.

வெண்ணெய்தான் மலைச் சமையலறையின் சோதனை. ‘அறை வெப்பத்தில் வெண்ணெயை இளகவிடவும்’ என்று எழுதியிருக்கும் புத்தகங்கள், டிசம்பர் மாத ஊட்டி வீட்டின் அறையைப் பார்த்ததில்லை. அங்கே வெளியே வைத்த வெண்ணெயும் கத்திக்கு மசியாது. அதற்காக அடுப்பில் உருக்கிவிடாதீர்கள். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது, தட்டிலும் ஓடும். வெண்ணெயைத் துருவிப் பாத்திரத்தில் போட்டு, அந்தப் பாத்திரத்தைக் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் வெந்நீர்ச் சட்டியின் மேல் இரண்டு நிமிடம் வையுங்கள். விரலால் அமுக்கினால் குழி விழ வேண்டும், பளபளப்பு வரக்கூடாது. முட்டையையும் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுங்கள். குளிர்ந்த முட்டை பட்டால் இளகிய வெண்ணெய் மறுபடி இறுகித் திரிந்துபோகும்.

வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் குழையுங்கள். கேக்குக்குச் செய்வதுபோல வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டாம். சமவெளியில் அது நல்ல பழக்கம். இங்கே அடித்து ஏற்றிய காற்றெல்லாம் ஓவனில் எல்லை மீறி விரியும். முட்டையைச் சேர்த்துக் கலந்து, சலித்த மாவுகள், பால் பவுடர், சோடா, உப்பு, ஜாதிக்காயைப் போடுங்கள். பாலோ தேநீரோ ஊற்றி, மாவு சேர்ந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடலைகள், விதை, பிழிந்த பழம் கடைசியில்.

இப்போது மாவு கொஞ்சம் தளர்வாகத் தெரியும். கூடுதல் மாவு போடக் கை பரபரக்கும், போடாதீர்கள். மூடி அரைமணி நேரம் வைத்துவிட்டு வந்து பாருங்கள். பொட்டுக்கடலையும் பால் பவுடரும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு தானே இறுகியிருக்கும். இந்த அரைமணிதான் புரதக் குக்கீஸின் உயிர். ஊறாமல் சுட்டால், ஓவனுக்குள் போன பிறகு ஈரத்துக்காக மாவு தவிக்கும், ஆறியதும் மணலாக உதிரும். குளிர்ப்பெட்டியும் வேண்டாம், மலை வீட்டுச் சமையலறை மேடையே போதும்.

ஓவனை 170 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்காலத்தில் விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளே காற்று சூடேறியிருக்கும், சுவர் ஏறியிருக்காது. மலைக்கு அடுப்புச் சூட்டைக் கொஞ்சம் கூட்டச் சொல்வது பொது விதி. ஈரம் போவதற்குள் ஓரம் இறுகட்டும் என்பது அதன் நியாயம். ஆனால் இந்த மாவில் பால் பவுடரும் நாட்டுச் சர்க்கரையும் இருப்பதால் 180-ஐத் தாண்டினால் உள்ளே வேகாமல் வெளியே கருகும். 170 நடுவழி. 30 கிராம் உருண்டைகளாக உருட்டி, லேசாகத் தட்டி, இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள்.

முதலில் இரண்டை மட்டும் சுட்டுப் பாருங்கள். உங்கள் வீடு தொட்டபெட்டா ஏற்றத்தில் இருக்கிறதா, பள்ளத்தாக்கில் இருக்கிறதா, மாவு எந்த மில்லில் அரைத்தது என்பதெல்லாம் அந்த இரண்டில் தெரிந்துவிடும். அளவுக்கு மீறிப் பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவு. பரவவே இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி பால் சேர்த்து, கையால் தட்டையாக்குவது. பதின்மூன்று முதல் பதினைந்து நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகும், நடு இன்னும் மெத்தென்றிருக்கும். அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் தானாக இறுகும். நடுவும் இறுகட்டும் என்று உள்ளேயே விட்டால் மறுநாள் சுத்தியல் தேவைப்படும்.

ஓவன் இல்லாத லைன் வீடுகளில் கனமான அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம், அதன் மேல் நெய் தடவிய தட்டு. சட்டியை மூடி நடுத்தரத் தீயில் பதினைந்து நிமிடம் காய்ந்த பிறகு தட்டை உள்ளே வைத்து, தீயைத் தணித்து, இருபது நிமிடம். அடி சிவந்து மேலே வெளுத்திருக்கும், அது குற்றமில்லை. அடி கருகினால் தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மழைக்காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் நாளில், ஓவன் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சட்டிதான் துணை.

மாற்றிச் செய்ய

முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். கெட்டித் தயிரும் ஆகும், ஆனால் அதன் புளிப்பில் சோடா துள்ளும். அப்போது சோடாவை ஒரு சிட்டிகையாக்கிவிடுங்கள்.

புரதப் பவுடர் வீட்டில் இருக்கிறது, வீணாகிறது என்றால், பால் பவுடருக்குப் பதிலாக அதே 30 கிராம் போடலாம். கூடவே இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் ரப்பர். சோயா மாவும் கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் பச்சை வாடை மூக்கைத் துளைக்கும். பூசணி விதைக்குப் பதில் சூரியகாந்தி விதை போட்டவர்கள், மறுநாள் உடைத்துப் பார்த்து உள்ளே பச்சை நிறம் கண்டு பயந்துபோவதுண்டு. அந்த விதையிலுள்ள ஒரு அமிலம் சோடாவோடு சேர்ந்து தரும் நிறம் அது. கெட்டுப்போனதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். சோடா அளவு கூடிவிட்டதோ என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை ஆகாது, தொண்டையில் சிக்கும். எல்லாவற்றையும் பொடியாக அரைத்துப் போடுங்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்களா என்று கேட்காமல் யாருக்கும் நீட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறுக்காகப் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பலகாரமே இல்லை.

வைத்திருப்பதும் விற்பதும்

தென்மேற்குப் பருவமழையில் ஊட்டியும் கூடலூரும் நனையும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரும் கோத்தகிரியும். அந்த மாதங்களில் திறந்து வைத்த குக்கீஸ் ஒரே சாயங்காலத்தில் நமத்துவிடும். முழுக்க ஆறிய பிறகு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, மழையின் வேலையை நாமே செய்துவிடுவோம். பத்து நாள் நன்றாக இருக்கும். வீட்டில் காயவைத்த பிளம்ஸ் போட்டதை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது பாதுகாப்பு. நமத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும். சிக்கு வாடை வந்தால் அதற்கு வைத்தியமில்லை. கடலையின் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். கடலையை மூட்டையாக வாங்கி வைக்காமல், தேவைக்கு வாங்கி அன்றைக்கே வறுப்பது நல்லது.

அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்து, விற்கும் எண்ணம் வந்தால், வீட்டிலிருந்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். சீட்டில் கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, பாதாம் இருப்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ‘புரதம் நிறைந்தது’ என்று அச்சடிக்கவும் ஒரு வரம்பு உண்டு. 2018-இன் விளம்பர விதிகளின்படி, திட உணவு 100 கிராமில் ஒருநாள் தேவையில் 20 விழுக்காடு புரதம் இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். 54 கிராமில் 20 விழுக்காடு என்றால் 10.8 கிராம். நம் கணக்கு அதைத் தாண்டுகிறது. ஆனால் வீட்டுக் காகிதத்தில் போட்ட கூட்டல் கடைச் சீட்டுக்குச் செல்லாது. ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துச் சான்று வாங்கிய பிறகே அந்த வார்த்தையை அச்சுக்குக் கொடுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் மெல்லிய பாலிதீன் உறை ஆகாது. பட்டர் பேப்பரில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் அதில் ஈரம் ஏறும். வாடிக்கையாளர் திருப்பித் தரும் கண்ணாடி ஜாடிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு விற்பது மழை மாதங்களுக்குத் தோது.